ஏறாத ரயிலின் பயணச்சீட்டு

நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும் ஐரோப்பியத் திருத்தலங்களைக் காண விரும்பினர். அம்மையார் கடும் நோயில் கிடந்த நாட்களில் லூர்து அன்னைக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை அது. பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு, பதினான்கு இரவுகளுக்கு ஒரு திட்டம் வகுத்தனர். உரோமையில் ஐந்து, அசிசியில் இரண்டு, பதுவையில் ஒன்று, பாரிஸில் மூன்று, லூர்து நகரில் மூன்று. பாரிஸில் தங்கும் நாட்களில் ஒரு நாள் லிசியே சென்று சிறுமலர் தெரசாவின் கல்லறையில் செபித்துத் திரும்புவது என்றும் குறித்துக்கொண்டனர்.

விசா விண்ணப்பத்திற்கு உதவ வந்த பயண முகவர் திட்டத்தைப் பார்த்தார். "சார், ஊருக்கு ஊர் ரயில் சீட்டு இணைத்தால்தான் விண்ணப்பம் வலுவாக இருக்கும். இப்போது ஒரு பதிவு போட்டுத் தருகிறேன். விசா வந்த மறுநாள் ரத்து செய்துவிடலாம். பிறகு நீங்கள் எந்த ரயிலில் போனாலும் யார் கேட்கப்போகிறார்கள்? எல்லோரும் செய்வதுதான்" என்றார். ஆசிரியருக்கு அது பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. அருகில் இருந்த அம்மையார் மட்டும் மெல்லக் கேட்டார்: "ஏங்க, பொய்யைக் காட்டியா மாதாவைப் பார்க்கப் போகிறோம்?"

இக்கேள்வியை அவர்கள் நம்மிடம் கொண்டுவந்தபோது, உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. சிறிய தாள் ஒன்றைப் பற்றிய கேள்விதான். ஆனால் அதற்குள் பெரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. இன்னும் நிகழாத ஒன்றைப் பற்றி மனிதன் எவ்வாறு உண்மை பேச முடியும்? நேற்று நடந்ததை மறைத்துக் கூறினால் அது பொய் என்பது குழந்தைக்கும் தெரியும். நாளை நடக்கவிருப்பதைப் பற்றி நாம் தரும் சொல் எப்போது மெய்யாகிறது, எப்போது பொய்யாகிறது?

சட்டம் கேட்பது என்ன?

முதலில், நம்மிடம் உண்மையாகவே கேட்கப்படுவது எது என்று அறிதல் நலம். 1985ஆம் ஆண்டு லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தான உடன்படிக்கை இன்று 29 நாடுகளை இணைக்கிறது. ஒரு நாட்டின் விசாவைக் கொண்டு அனைத்திலும் பயணம் செய்யலாம். 180 நாட்களில் 90 நாட்கள்வரை தங்கலாம். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நம் ஆசிரியரின் திட்டத்தில் இத்தாலிக்கு எட்டு இரவுகள், பிரான்சுக்கு ஆறு, ஆகவே இத்தாலியிடம். 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விசாச் சட்டத் தொகுப்பு விண்ணப்பதாரரிடம் கேட்பவை முக்கியமாக நான்கு: எதற்காக வருகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், செலவுக்குப் பணம் உண்டா, குறித்த காலத்தில் திரும்பிச் செல்வீர்களா. இவற்றுடன் 30,000 யூரோ அளவிலான மருத்துவக் காப்பீடும் வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது.

விண்ணப்பப் படிவத்தின் இறுதியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. தாம் அளித்த விவரங்கள் யாவும் சரியானவை, முழுமையானவை என்றும், பொய்யான தகவல் தந்தால் விசா மறுக்கப்படும் அல்லது செல்லாததாக்கப்படும் என்பதை அறிந்திருப்பதாகவும் விண்ணப்பதாரர் கையெழுத்திடுகிறார். இணைக்கப்படும் தாள்கள் முகவர் தயாரித்தவையாக இருக்கலாம், கையெழுத்து நம்முடையது. எட்டாம் கட்டளை நம் வாசலைத் தட்டுவது இந்த இடத்தில்தான்.

அதே சட்டம் பெரும்பாலும் கேட்பது முன்பதிவையும் பயணத் திட்டத்தையுமே அன்றி, பணம் முழுவதும் கட்டிய சீட்டை அன்று. விசா கிடைக்குமுன் பணம் திரும்பப் பெற இயலாத சீட்டுகளை வாங்க வேண்டாம் எனப் பல தூதரகங்களே அறிவுறுத்துகின்றன. இதனை அறியாமலேயே நம்மில் பலர் அச்சத்தால் பொய்யின் பக்கம் ஒதுங்குகிறோம்.

ரயில்களின் இயல்பு

அச்சத்திற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஐரோப்பாவின் விரைவு ரயில்களில் கட்டணம் ஒரே நிலையில் நிற்பதில்லை. பல மாதங்களுக்கு முன் பதிவு செய்பவருக்கு மலிவு. ரயில் நிரம்ப நிரம்ப விலை ஏறும். மலிவான சீட்டோ பயணியை ஒரு நாளோடும் ஒரு ரயிலோடும் கட்டிப்போடுகிறது. பெரும்பாலும் பணம் திரும்பாது. எந்த நேரத்திலும் மாற்றத்தக்க சீட்டு வேண்டுமாயின் பல மடங்கு விலை கொடுக்க நேரலாம். இதற்கு மாறாக, உரோமையிலிருந்து அசிசிக்குச் செல்லும் வட்டார ரயில்களில் முன்பதிவே தேவையில்லை. அன்று காலை நிலையத்தில் சீட்டு வாங்கி ஏறிக்கொள்ளலாம். விலையும் மாறாது. அப்படிப்பட்ட ரயிலுக்கு மூன்று மாதம் முன்னதாகச் சான்று தேடி அலைவது, நம் ஊர்ப் பேருந்துக்கு மூன்று மாதம் முன்னே சீட்டுக் கேட்பதைப் போன்றது.

இதில் ஒரு நீதிப் பிரச்சினையும் உண்டு. வசதி படைத்தவர் மாற்றத்தக்க சீட்டை வாங்கி இணைக்கிறார்; விசா மறுக்கப்பட்டால் பணத்தைத் திரும்பப் பெறுகிறார். அவருக்கு உண்மை பேசுவது எளிது. சேமித்துச் செல்லும் எளியவருக்கு முன்னே நிற்பவை இரண்டு: வாங்கிய சீட்டின் பணத்தை இழக்கும் ஆபத்து, அல்லது பொய். உண்மைக்கு விலை வைத்துவிட்டு, அதை வாங்க முடியாதவரைப் பொய்யர் என்று பழிப்பது நேர்மையாகாது. 1963ஆம் ஆண்டு திருத்தந்தை 23ஆம் யோவான் தம் 'பாச்சேம் இன் தெர்ரிஸ்' சுற்றுமடலில் மனிதன் இடம்பெயர்ந்து செல்லும் உரிமையை மனித உரிமைகளுள் ஒன்றாக எண்ணினார். அவ்வுரிமையை நெறிப்படுத்த அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. ஆயினும் சுமை எளியவர் மீதே விழாதபடி காப்பது அந்த அதிகாரத்தின் கடமை. இதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் பிறர் நமக்கு இழைக்கும் சிறு அநீதி, நாம் சொல்லும் பொய்யை மெய்யாக்கிவிடுமா?

மறைவல்லுநர் காட்டும் வழி

முகவருக்குக் கற்றறிந்த நண்பர் ஒருவர் துணை நின்றால், வள்ளுவரையே சான்றுக்கு அழைப்பார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் அவர் கூறியிருக்கிறார் அல்லவா? ஆம், கூறியிருக்கிறார். ஆனால் அதே அதிகாரத்தில், தன் நெஞ்சு அறிந்த ஒன்றைப் பொய்த்துக் கூறினால் அந்த நெஞ்சே தன்னைச் சுடும் என்றும் எச்சரித்திருக்கிறார். அம்மையாரைச் சுட்டது அந்த நெஞ்சுதான். மேலும், இங்கே விளையும் நன்மை குற்றமற்றதுதானா? ஒவ்வொரு போலிப் பதிவும் கண்டுபிடிக்கப்படும்போது, அடுத்து வரும் விண்ணப்பங்களின் மீது ஐயம் ஒரு மடங்கு கூடுகிறது. உண்மையான சீட்டை இணைத்தவரும் அந்த ஐயத்தின் கீழ் நிற்க நேர்கிறது. நம்பிக்கை என்பது ஊர்ப் பொதுக் குளத்தைப் போன்றது. நாம் ஒரு குடம் அழுக்கை ஊற்றிவிட்டு நம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அருந்த வருபவர் வேறொருவர்.

புனித அகுஸ்தினார் ஏறக்குறைய 395ஆம் ஆண்டில் பொய்யைப் பற்றித் தனி நூல் ஒன்று எழுதினார். பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, எந்த வகையும் ஏற்கத்தக்கதன்று என முடித்தார். அவர் கண்டிப்பு நமக்குக் கடுமையாகத் தோன்றலாம். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் புனித தாமஸ் அக்குவினாஸ், மனத்தில் உள்ளதற்கு மாறாகப் பேசுவதே பொய்யின் இயல்பு என விளக்கினார். அவரும் எல்லாப் பொய்யையும் பாவம் என்றார். எனினும் பிறருக்குத் தீங்கு செய்யச் சொல்லும் பொய்க்கும், ஒரு தேவைக்காகச் சொல்லும் பொய்க்கும் கனத்தில் வேறுபாடு உண்டு என்பதை ஏற்றார்.

நமக்கு மிகவும் உதவுவது அதே பகுதியில் அவர் கூறும் மற்றொரு கருத்து. ஒருவர் ஒன்றைச் செய்வதாக வாக்களித்துப் பின் செய்யாமற் போனால், அவர் பொய்யரா? வாக்களித்தபோது செய்யும் எண்ணம் உண்மையிலேயே இருந்திருந்தால், அவர் பொய் சொன்னவர் ஆகார் என்கிறார் அக்குவினாஸ். பின்னர் சூழ்நிலை மாறிவிட்டால், செய்யாமைக்கும் குற்றமில்லை. இதற்கு அவர் காட்டும் சான்று திருத்தூதர் பவுல். கொரிந்து நகருக்கு வருவதாகச் சொல்லியிருந்தும், தடைகளால் அவர் செல்லவில்லை.

1679ஆம் ஆண்டு திருத்தந்தை 11ஆம் இன்னொசென்ட் கண்டித்த கருத்துகளுள் ஒன்றையும் இங்கே நினைவுகூரலாம். வாயால் பாதியைச் சொல்லி, மீதியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் பொய்யாகாது என்று சிலர் கற்பித்து வந்தனர். "இது என் பயணச்சீட்டு" என்று தாளை நீட்டிவிட்டு, "விசா வரும் வரைக்கும்" என்பதை மனத்துக்குள் முணுமுணுத்துக்கொள்வது அந்தப் பழைய தந்திரமன்றி வேறென்ன? திருச்சபை அன்றே அதனை ஏற்கவில்லை.

பவுலடியாரின் பயணத் திட்டம்

விவிலியத்தில் பயணத் திட்டங்களால் பழி சுமந்தவர் பவுல். கொரிந்து மக்களிடம் முதலில் வந்து, அங்கிருந்து மாசிதோனியா சென்று, மீண்டும் அவர்களிடம் திரும்பி, பின் யூதேயாவுக்குப் புறப்பட எண்ணியிருந்தார். திட்டம் மாறியது. உடனே அவர்மீது குறை எழுந்தது: ஒரே நேரத்தில் ஆம் என்றும் இல்லை என்றும் பேசுகிறவர் என்று. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் அவர் தரும் விடை ஆழ்ந்து எண்ணத்தக்கது. தாம் விளையாட்டாகத் திட்டமிடவில்லை என்கிறார். தாம் வராததற்குக் காரணம் அவர்களை வருத்தாதிருக்கும் எண்ணமே என்று வெளிப்படையாகச் சொல்கிறார். கடவுள் சொல் தவறாதவர் என்பதைத் தம் சொல்லுக்கு அடித்தளமாக வைக்கிறார்.

அவரது பயணங்களில் மாறாதது மாற்றம் ஒன்றே எனலாம். ஆசியாவில் இறைவாக்கை அறிவிக்க முயன்றபோது தூய ஆவியார் தடுத்தார். பித்தினியாவுக்குச் செல்லவும் வழி திறக்கவில்லை. கடைசியில் மாசிதோனியாவுக்குக் கடல் கடந்தார். உரோமையருக்கு எழுதுகையில், ஸ்பெயின் நாட்டுக்குச் செல்லும் வழியில் அவர்களைக் காண்பேன் என்று குறிப்பிட்டார். உரோமையை அடைந்தார், ஆனால் சுதந்திரமான பயணியாக அன்று, விலங்கிடப்பட்ட கைதியாக. திட்டம் பிழைத்தது, சொன்ன சொல் பிழைக்கவில்லை.

பவுலுக்கும் போலிச் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. பவுல் செல்ல எண்ணினார், செல்ல இயலவில்லை. போலிப் பதிவு செய்பவரோ செல்லாதிருக்க எண்ணியே பதிவு செய்கிறார். முன்னதில் மாறியது நிகழ்ச்சி. பின்னதில் தொடக்கத்திலேயே எண்ணம் வேறு. வெளியே நின்று பார்க்கும் அதிகாரிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். உள்ளத்தைக் காண்பவருக்கு அப்படித் தெரியாது.

யாக்கோபு தம் திருமுகத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். இன்றோ நாளையோ இந்த நகருக்குப் போவோம், ஓராண்டு தங்குவோம், வாணிகம் செய்வோம் என்று உறுதியாகப் பேசுவோரைப் பார்த்து, நாளை நடப்பதை அறியாத நீங்கள் தோன்றி மறையும் புகை போன்றவர்கள் என்கிறார். ஆண்டவர் விரும்பினால் என்று சேர்த்துச் சொல்லக் கற்பிக்கிறார். விசா அலுவலகம் உறுதியைக் கேட்கிறது. யாக்கோபு உறுதியின்மையை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார். இரண்டையும் எப்படி இணைப்பது?

ரயில்வே துறையே யாக்கோபுக்குச் சான்று பகர்ந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 2023 ஆகஸ்டு இறுதியில் பிரான்சின் மொரியன் பள்ளத்தாக்கில் மலைச்சரிவு ஏற்பட்டு, பாரிஸுக்கும் மிலானுக்கும் இடையே ஓடிய விரைவு ரயில்களின் பாதை அடைபட்டது. 2025 மார்ச் இறுதியில்தான் அப்பாதை மீண்டும் திறந்தது. அந்த ஆகஸ்டில் அப்பாதைக்குச் சீட்டு வாங்கி வைத்திருந்தோர் எவரும் பொய்யர் அல்லர். சீட்டு விற்ற ரயில் நிறுவனமும் பொய் சொல்லவில்லை. மலை அசைந்தது, அவ்வளவே.

எனவே, எதிர்காலத்தைப் பற்றி உண்மை பேசுதல் என்பது, நடக்கப்போவதைத் தவறின்றி முன்னுரைத்தல் அன்று. அது எவராலும் இயலாது. இப்போது என் உள்ளத்தில் உள்ள எண்ணத்தை உள்ளவாறே வெளியிடுதல். அது உறுதியானதாயின் உறுதி என்றும், மாறக்கூடியதாயின் மாறக்கூடும் என்றும் சொல்லுதல். இவ்வளவே நம்மால் ஆவது; இவ்வளவே நம்மிடம் கேட்கப்படுவதும்.

பகுத்து நோக்கின்

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் பல நிலைகள் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. செல்ல எண்ணும் ரயிலில், ரத்து செய்யத்தக்க பதிவு செய்து, தேவை நேர்ந்தால் மாற்றிக்கொள்வது பொய்யன்று. ரத்து செய்யும் வாய்ப்பை விலை கொடுத்தே வாங்குகிறோம். அதனை ரயில் நிறுவனமும் அறியும், தூதரகமும் அறியும். இல்லாத பதிவுக்கு ஓர் எண்ணை இட்டு அச்சிட்டுத் தருவது பொய் மட்டுமன்று, போலி ஆவணம் படைக்கும் குற்றம். தாள்களின் நம்பகத்தன்மையில் நியாயமான ஐயம் எழுந்தாலே விசாவை மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு நாட்டில் விண்ணப்பிக்க நேரம் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக, அங்கே அதிக இரவுகள் தங்குவதாக ரயில்களையும் விடுதிகளையும் பதிவு செய்து காட்டிப் பின் மாற்றிக்கொள்வது, ஒவ்வொரு தாளும் உண்மையானதாக இருந்தாலும், தாள்கள் சேர்ந்து சொல்லும் கதையைப் பொய்யாக்குகிறது. மெய்யான துண்டுகளைக் கொண்டே பொய்யைத் தைக்க முடியும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இவற்றுக்கு நடுவே ஒரு நிலை உண்டு. மனச்சான்று தடுமாறுவது அங்கேதான். உரோமையிலிருந்து பாரிஸுக்குச் செல்வது உறுதி. ஆனால் ரயிலிலா, விமானத்திலா, எந்த நேரத்தில் என்பது உறுதியில்லை. ஏதேனும் ஒரு ரயிலைப் பதிவு செய்து இணைத்தால் குற்றமா? அதிகாரி அறிய விரும்புவது நாம் அந்த வழியே செல்கிறோமா, திரும்பி வருகிறோமா என்பதே. அவர் கேட்கும் கேள்விக்கு நாம் மெய்யான விடையே தருகிறோம் எனின், அந்தப் பதிவு ஒரு திட்டத்தின் அடையாளமாகவே நிற்கிறது. ஆயினும் ஒரு வரி சேர்த்துவிட்டால் ஐயமே இல்லை: இவை தற்காலிகப் பதிவுகள், விசா கிடைத்தபின் உறுதி செய்யப்படும் என்ற ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுத நாம் தயங்கினால், தயக்கத்தின் காரணத்தை நம் மனச்சான்றிடமே கேட்டுப் பார்ப்போம்.

ஆசிரியர் செய்தது

நம் ஆசிரியர் முகவரிடம் நன்றி கூறித் தாளை மறுத்துவிட்டார். நாள்வாரியாகத் திட்டத்தைத் தட்டச்சு செய்தார். ஒவ்வொரு நாளும் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எவ்வகை ரயிலில், ஏறக்குறைய எந்நேரம் என்று குறித்தார். விடுதிகளை ரத்து செய்யத்தக்க முறையில் பதிவு செய்து, அவற்றில்தான் தங்குவது என்று முடிவும் செய்தார். உடன் ஒரு கடிதம் வைத்தார்: ஓய்வூதியத்தில் வாழ்கிறோம், பணம் திரும்பாத ரயில் சீட்டுகளை விசா கிடைக்குமுன் வாங்க எங்களால் இயலாது, கிடைத்தவுடன் இத்திட்டத்தின்படி வாங்குவோம். இவ்வளவே. முகவர், "நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் சார், ஆனால் மறுத்துவிட்டால் என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றார். "சொல்லமாட்டேன் தம்பி" என்றார் ஆசிரியர்.

விசா கிடைத்தது. ஆனால் அதை நாம் உண்மைக்குக் கிடைத்த பரிசாக எழுத விரும்பவில்லை. கிடைக்காமலும் போயிருக்கலாம், நேர்மையாக எழுதி மறுக்கப்பட்டோர் உண்டு, பொய்யாகக் காட்டிப் பெற்றோரும் உண்டு. விளைவைக் கொண்டு செயலை அளந்தால், வாய்மை ஒரு வாணிக உத்தி ஆகிவிடும். அம்மையார் கேட்ட கேள்வி விசா கிடைக்குமா என்பது அன்றே.

அவர்கள் சென்று வந்தனர். உரோமையின் மதிலுக்கு வெளியே உள்ள பேராலயத்தில், சொன்ன நேரத்தில் சொன்ன ஊருக்குச் செல்ல இயலாதிருந்த திருத்தூதரின் கல்லறை முன் முழந்தாளிட்டனர். லூர்து நகரில் அம்மையார் தம் நேர்ச்சையை நிறைவேற்றினார். லிசியே மட்டும் கைகூடவில்லை. பாரிஸில் அந்த நாள் காலையில் அவருக்குக் கடும் முழங்கால் வலி. படி இறங்கவே இயலவில்லை. முன்கூட்டி வாங்கிய மலிவுச் சீட்டுகளின் பணமும் போயிற்று. ஆசிரியர் அந்தச் சீட்டுகளைத் தம் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். திரும்பி வந்தபின் நம்மிடம் காட்டினார்.

எண்ணிப் பார்த்தால், முகவர் தர முன்வந்த சீட்டிலும் எவரும் ஏறியிருக்கப்போவதில்லை. இந்தச் சீட்டிலும் எவரும் ஏறவில்லை. இரண்டும் ஏறாத ரயிலின் சீட்டுகளே. முதலாவதில் ஏறும் எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டாவதை வாங்கிய நாளில், வயதான இருவர் சிறுமலர் தெரசாவின் கல்லறையில் என்ன வேண்டிக்கொள்வது என்று பேசிக்கொண்டிருந்தனர்.

நம் வாழ்வின் வாக்குறுதிகள் பலவும் இத்தகையவையே. திருமணத்தில், திருமுழுக்கில், பிள்ளைகளிடம், இறைவனிடம் நாம் தரும் சொற்கள் யாவும் காணாத நாளைக் குறித்தவை. அவற்றுள் சில நிறைவேறும். சில முழங்கால் வலியாலும் மலைச்சரிவாலும் நின்றுபோகும். நின்றுபோனவற்றிற்காக இறைவன் நம்மைக் கடிந்துகொள்வார் என்று நாம் அஞ்சத் தேவையில்லை. சொன்ன நேரத்தில் செல்லும் எண்ணம் உள்ளத்தில் இருந்ததா என்பதே நாம் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது.